ஆறு மாதக் குழந்தையும் ஹவுஸ் சர்ஜன் வருடமும்

கேள்வி: வீடு தண்டையார்பேட்டை. நான் மணலியில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். மனைவி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கடைசிப் பரீட்சை முடித்துவிட்டார். இன்னும் ஆறு வாரத்தில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது ஒரு வருடப் பயிற்சி மருத்துவராக, சேர வேண்டும். குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். என் அம்மா கூட இருக்கிறார், ஆனால் அவருக்கு முழங்கால் வலி. ‘ஒரு வருஷம் தள்ளிப் போடு, குழந்தை நடக்கட்டும்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பாலை நிறுத்திவிட்டு டப்பா பாலுக்கு மாற்றலாமா? கல்லூரியில் யாரிடம் என்ன கேட்பது? மனைவி இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார்.
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: தள்ளிப் போடும் பேச்சை முதலில் முடித்துவிடலாம். தள்ளிப் போட வேண்டாம். ஐந்து மாதக் குழந்தையை விட்டுப் போவதுதான் கொடுமை, ஒன்றரை வயதில் சுலபம் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். எட்டு மாதம் தொடங்கி ஒன்றரை வயது வரைதான் அம்மா கண்ணில் படவில்லை என்றால் குழந்தை ஊரைக் கூட்டும். ஆறேழு மாதக் குழந்தை, பசி தீர்ந்து, தெரிந்த கை தூக்கினால் சமாதானமாகிவிடும். அதோடு, அடுத்த வருடம் சேர்ந்தால் கூடப் படித்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். டியூட்டி மாற்றிக்கொள்ள, அவசரத்துக்கு அரை மணி நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அது சொந்த பேட்ச்தான். ஐந்து வருடம் சேர்த்து வைத்த அந்தச் சிநேகத்தை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஜூனியர்களோடு நிற்பது பெரிய நஷ்டம்.

தள்ளிப் போடத்தான் வேண்டும் என்ற நிலைமையும் உண்டு. குழந்தைக்கு ஆபரேஷன் மாதிரி பெரிய சிகிச்சை காத்திருப்பது, வீட்டில் குழந்தையைப் பார்க்க இரண்டாவது ஆளே இல்லாதது, தாயின் மனநிலை சரியில்லாதது. மூன்றாவதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரி அதற்காகத்தான் உறுத்துகிறது.

சேருவது என்று முடிவானால், அடுத்தது எந்தத் துறையில் முதலில் சேருவது என்பது. பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சலுகை இதுதான். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி பயிற்சி வருடத்தில் சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேறுக்கு 7 வாரம், பொது மருத்துவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் தலா 6 வாரம், குழந்தைகள் பிரிவுக்கு 3 வாரம். மீதியெல்லாம் ஒன்று, இரண்டு வாரத் துண்டுகள். இவற்றில் சமுதாய மருத்துவம் பெரும்பாலும் பகல் வேலை. ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி முகாம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு. மற்ற பெரிய துறைகளில் அட்மிஷன் நாள் (புது நோயாளிகளை வார்டில் சேர்க்கும் முறை) வந்தால் காலை எட்டு மணிக்குப் போனவர் மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து மதியம்தான் வெளியே வருவார்.

இனி கணக்கைப் பாருங்கள். சேரும் நாளில் குழந்தைக்கு ஆறரை மாதம். முதல் 12 வாரம் சமுதாய மருத்துவமாக அமைந்தால், அது முடியும்போது குழந்தைக்கு ஒன்பது மாதம் தாண்டியிருக்கும். அதற்குள் நான்கு நல்ல காரியம் நடந்திருக்கும். குழந்தை இட்லி, பருப்பு சாதம் சாப்பிடப் பழகியிருக்கும், எனவே முழுக்கப் பாலை நம்பி இருக்காது. ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டாகியிருக்கும். உங்கள் அம்மாவும் குழந்தையைப் பார்க்க நீங்கள் வேலைக்கு வைக்கும் ஆயாவும் ஒரு வழக்கத்துக்கு வந்திருப்பார்கள். மனைவிக்கும் வேலைக்குப் போய் வந்து பால் எடுக்கும் பழக்கம் வந்திருக்கும். அதன் பிறகு இரவு டியூட்டி தொடங்குவது வேறு, முதல் வாரமே மகப்பேறு என்று ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையின் லேபர் வார்டில் போய் நிற்பது வேறு. குழந்தைகள் பிரிவையும் ஒன்பது மாத ஊசிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. தட்டம்மை வந்த குழந்தை முதலில் வந்து சேர்வது அந்த ஓ.பி.க்குத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சமுதாய மருத்துவப் போஸ்டிங்கில் சில வாரம் கிராமப்புற மையத்தில் தங்க வேண்டி வரலாம். தங்குவதா, தினம் போய் வருவதா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். தங்க வேண்டும் என்றால் அந்த வாரங்களைக் கடைசிக்குத் தள்ளும்படி கேளுங்கள். பேட்ச் பட்டியல் ஒட்டிய பிறகு எதுவும் நடக்காது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே கடிதம் போயிருக்க வேண்டும். பட்டியல் வந்துவிட்டால் கடைசி வழி, வேறு பேட்ச்சில் உள்ள தோழியோடு முழு வரிசையையும் மாற்றிக்கொள்வது. இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பொறுப்பாளர்கள் மறுப்பது அரிது, ஏனென்றால் எந்த வார்டிலும் தலை எண்ணிக்கை குறையாது.

கடிதம் டீன் பெயருக்கு, சி.ஆர்.ஆர்.ஐ. (பயிற்சி மருத்துவர்) பொறுப்பாளர் வழியாக. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல் இணைப்பு. கேட்க வேண்டியது மூன்றே மூன்று: சமுதாய மருத்துவத்தை முதலில் தரவும், இரவு தங்கும் வாரங்களைக் கடைசியில் வைக்கவும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் பால் எடுக்க இடம் காட்டவும். தபால் பிரிவில் கொடுத்து எண் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக ‘சரிம்மா, பாத்துக்கலாம்’ என்று சொன்னவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விட்டால், அந்த நகல்தான் பேசும்.

இரவு டியூட்டியிலிருந்து விலக்கு கேட்காதீர்கள். கிடைக்காது என்பதற்காகச் சொல்லவில்லை, சில இடங்களில் கிடைக்கவும் செய்யும். ஆனால் அந்த இரவுகள் கூடப் படித்தவர்கள் தலையில் விழும், மூன்றாவது வாரத்தில் முகம் மாறும். நடுராத்திரியில் நெஞ்சுவலி என்று வருபவரைத் தனியாகப் பார்த்துப் பழகாமல் டாக்டராக வெளியே வருவது அவருக்கே ஆபத்து. அதைவிட மோசமானது ‘நீ போ, நான் கையெழுத்துப் போட்டுக்கிறேன்’ என்ற ஏற்பாடு. அன்றைக்கு அவர் பெயரில் உள்ள நோயாளிக்கு ஏதாவது ஆனால், கேஸ் ஷீட்டில் இருப்பது உங்கள் மனைவியின் பெயர். மாற்றிக்கொள்வதானால் தாளில் எழுதி, யூனிட் உதவிப் பேராசிரியருக்குத் தெரிவித்து மாற்ற வேண்டும். வாங்கிய இரவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிறு பகலோ, பண்டிகை நாளோ அவர் எடுத்துக்கொண்டால் எல்லோரும் சந்தோஷமாக இரவைத் தருவார்கள். மருத்துவமனையில் தீபாவளி பகலுக்கு இருக்கும் கிராக்கி உங்களுக்குத் தெரியாது!

விடுப்பு விஷயம். பயிற்சி வருடம் முழுவதற்கும் முன் அனுமதியோடு எடுக்கக்கூடியது 15 நாள்தான். அதைத் தாண்டினால் அந்த நாட்களை அதே துறையில் திரும்பச் செய்து முடிக்க வேண்டும், சான்றிதழும் அத்தனை நாள் தள்ளிப் போகும். எனவே இந்த 15-இல் பத்தைக் குழந்தையின் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள். வெளி ஆள் கைக்கு வரும் குழந்தைக்கு முதல் சில மாதத்தில் அடிக்கடி சளி பிடிப்பது சகஜம். வடிவுடையம்மன் கோயிலில் முடி இறக்குவதும் காதுகுத்தும் ஞாயிற்றுக்கிழமையில் நடந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். தடுப்பூசிக்கும் அவர் லீவு போட வேண்டாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள், அட்டையை எடுத்துக்கொண்டு நீங்களே போகலாம்.

இப்போது வீட்டு அட்டவணை. உங்கள் ஷிப்டு பட்டியலையும் அவருடைய டியூட்டி பட்டியலையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் ‘குழந்தை யாரிடம்’ என்று மணி வாரியாக எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் பயம் பாதி குறையும். உதாரணமாக அவருடைய அட்மிஷன் நாள் செவ்வாய். செவ்வாய் காலை எட்டு முதல் புதன் மதியம் இரண்டு வரை அவர் இல்லை. நீங்கள் ஏ ஷிப்டில் (காலை) இருந்தால் மதியம் மூன்றுக்குள் வீடு வந்துவிடுவீர்கள், இரவு நீங்கள் இருக்கிறீர்கள். பி ஷிப்டு என்றால் மதியம் ஒன்றிலிருந்து இரவு பதினொன்று வரை நீங்கள் இல்லை. ஆயா மாலை ஏழு வரை இருந்தால் அம்மா தனியாக இருப்பது நான்கு மணி நேரம், சமாளிக்கலாம். சி ஷிப்டு வாரம்தான் பிரச்சினை. இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை, முழங்கால் வலியோடு ஒரு மூதாட்டியும் ஒரு கைக்குழந்தையும் மட்டும். வாரம் ஒரு அட்மிஷன் நாள், வாரம் ஒரு ஷிப்டு என்று சுற்றினால் இந்த மோதல் மூன்று வாரத்துக்கு ஓர் இரவு வரும். அந்த ஓர் இரவுக்கு மனைவியின் அம்மாவோ தங்கையோ வந்து படுக்க வேண்டும், அல்லது நீங்கள் பத்து நாள் முன்பே சூபர்வைசரிடம் சொல்லி ஷிப்டை மாற்றிக்கொள்ள வேண்டும். காஷுவல்டி, லேபர் வார்டு வாரங்களில் இரவு அடிக்கடி வரும். அந்த வாரங்களுக்கு உங்கள் ஆண்டு விடுப்பை ஒதுக்குங்கள். விடுப்பு அவருக்குத்தான் குறைவு, உங்களுக்கு இல்லை.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நல்ல மழை பெய்தால் சுரங்கப்பாதைகள் மூடும், மணலி சாலையில் கண்டெய்னர் லாரிகள் அசையாது, கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றால் நின்றதுதான். ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று நீங்கள் சொல்லும் முக்கால் மணி நேரம் மூன்று மணி நேரமாகும். எனவே ஆயா கிளம்பும் நேரமும் நீங்கள் வரும் நேரமும் ஒட்டி இருக்கக்கூடாது, குறைந்தது ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்படி வையுங்கள். மனைவிக்கு மெட்ரோ நல்லது. தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்ணாரப்பேட்டை இரண்டாவது நிலையம். 30 மணி நேரம் விழித்துவிட்டு ஸ்கூட்டியை எடுக்க விடாதீர்கள். சிக்னலில் நிற்கும்போதே தூங்கிவிடுவார்கள்.

ஆயாவை இன்றே தேடத் தொடங்குங்கள். மனைவி சேரும் நாளில் வைத்துக்கொள்வதல்ல, இரண்டு வாரம் முன்பே வரவேண்டும். குழந்தையும் அவரும் பழகுவதை மனைவி கண்ணால் பார்க்க வேண்டும். நாள் கூலி பேசாமல் மாதச் சம்பளம் பேசுங்கள், நாள் கூலிக்கு வருபவர் சொல்லாமல் நின்றுவிடுவார். குழந்தைக் காப்பகங்களைப் பொறுத்தவரை, விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்பது. பெரும்பாலானவை மாலையோடு மூடிவிடும், ஹவுஸ் சர்ஜன் வேலைக்கு அது எட்டாது. அங்கன்வாடி இரண்டு வயதுக்குப் பிறகுதான்.

உங்கள் அம்மாவின் முழங்காலை இந்த வருடத்தின் அச்சாணி என்றே எண்ணுங்கள். அது மடங்கினால் எல்லாம் நின்றுபோகும். தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் வேலை இனி அவருடையதல்ல, உங்களுடையது. தூளியை அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டும் உயரத்தில் கட்டுங்கள். ஆனால் ஏழு மாதத்துக்கு மேல் குழந்தை எக்கி எழ ஆரம்பித்தால் பக்கத்தில் ஆள் இல்லாமல் தூளியில் விடக்கூடாது. துணி மாற்ற இடுப்பு உயர மேஜை. அவர் பங்கு ஊட்டுவது, பேசுவது, தூங்க வைப்பது. தூக்கிக்கொண்டு நடப்பது ஆயாவின் வேலை.

இனி பால். நிறுத்த வேண்டாம். டப்பா பால் விஷமல்ல, தேவைப்பட்டால் ஒருவேளை இரண்டுவேளை கொடுக்கலாம், அதற்காக யாரும் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. பசும்பாலை மட்டும் ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். ஆனால் வார்டிலிருந்து எதையாவது தொற்றிக்கொண்டு வரக்கூடிய ஒரு வருடத்தில், தாய்ப்பாலை ஏன் கைவிட வேண்டும்?

தாய் இல்லாத ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 25 முதல் 30 மி.லி. பால் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரப் பகல் வேலைக்கு 200 முதல் 240 மி.லி. முழு 30 மணி நேர டியூட்டிக்கு 750 முதல் 900 மி.லி., குழந்தை சாதம் சாப்பிடத் தொடங்கியபின் இது குறையும். சேருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, காலையில் முதல் முறை கொடுத்து முடித்ததும் ஒரு 60 மி.லி. எடுத்து உறைய வைத்தால் கையிருப்பு 800 மி.லி. ஆகிவிடும். காலையில்தான் சுரப்பு அதிகம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜாக இருந்தால் மேலே உள்ள உறைபெட்டியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதை நம்ப வேண்டாம், பழையதை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே இருங்கள். தனிக் கதவு உள்ள ஃப்ரீசர் என்றால் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். கீழ்த்தட்டில் உறையாமல் வைப்பது நான்கு நாள், அதுவும் கதவில் அல்ல, உள்பக்கமாக. 60 அல்லது 90 மி.லி.யாகச் சிறு சிறு பாட்டிலில் வையுங்கள். 200 மி.லி. உருக்கி 80 மி.லி. குடித்துவிட்டு குழந்தை தூங்கிவிட்டால் மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்கக்கூடாது.

உங்கள் அம்மாவுக்கு இதை முன்பே காட்டிவிடுங்கள்: ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பாலில் மேலே ஆடை மாதிரி கொழுப்பு தனியாக மிதக்கும், அடியில் நீலம் பாரித்த தண்ணீர் போல இருக்கும். உருக்கினால் சிலருடைய பாலில் சோப்பு வாசனை வரும். இரண்டும் இயல்பு. சொல்லி வைக்காவிட்டால் ‘திரிஞ்சு போச்சு’ என்று அத்தனையையும் சிங்க்கில் ஊற்றிவிடுவார். உறைந்த பாட்டிலை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி, குடிக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்து, மெல்லச் சுழற்றிக் கலக்கினால் போதும். அடுப்பில் காய்ச்சக்கூடாது, மைக்ரோவேவ் கூடாது.

குழந்தை பாட்டிலை வாயில் வாங்க மறுக்கலாம். அதோடு சண்டை போட வேண்டாம், சங்கு மாதிரி இருக்கும் பாலாடைக் கிண்ணம் இருக்கிறதே. பாலாடையில் பாதி நிரப்பி, குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழ் உதட்டில் வைத்தால் அதுவே இழுத்துக் குடிக்கும். அண்ணாந்து பிடித்து வாயில் ஊற்றினால் புரையேறும். இதை மனைவி பக்கத்தில் இருக்கும்போது யார் முயன்றாலும் குழந்தை மறுக்கும், வாசனை தெரிந்துவிடும். அவரை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவோ நீங்களோ பழக்குங்கள்.

மருத்துவமனையில் அவர் எடுக்கும் முறை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் பேட்டரி பம்பு 15–20 நிமிடத்தில் முடித்துவிடும். கையால் எடுக்கவும் கற்றிருக்க வேண்டும், சார்ஜ் தீரும் நாள் அட்மிஷன் நாளாகத்தான் இருக்கும். இடத்துக்கு, பச்சிளம் குழந்தைகள் பிரிவில் கேட்கலாம். குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் பால் எடுக்க அங்கே மறைவான இடம் இருக்கும், செவிலியர்களும் நம்மைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள். பாட்டிலில் வார்டு மைக்ரோபோர் டேப்பை ஒட்டித் தேதி, மணி எழுதினால் ஈரத்திலும் நிற்கும். வார்டு ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, அங்கே இன்சுலினும் ரத்த மாதிரிகளும் இருக்கும். ஐஸ் பேக் போட்ட சிறிய பெட்டியில் 24 மணி நேரம் இருக்கும். வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்கான கணக்கு, மே மாத வார்டுக்கானதல்ல. எடுத்த கையோடு பெட்டிக்குள் போக வேண்டும்.

முதலில் தவறுவது இரவு. ‘கேஸ் வந்துட்டே இருக்கு’ என்று எட்டு மணி நேரம் எடுக்காமல் விட்டால் மார்பு கல்லாகும், ஓரிடத்தில் சிவந்து வலித்துக் காய்ச்சல் வரும். வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது, அன்றே யூனிட்டில் காட்டி மருந்து வாங்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய ஆண்டிபயாடிக்குகள் உள்ளன. இரவு பதினொன்று, மூன்று, காலை ஏழு என்று மூன்று தடவையாவது எடுத்துவிட்டால் சுரப்பும் குறையாது. வீட்டுக்கு வந்ததும் பம்பைக் கழுவி வெந்நீரில் போடுவது உங்கள் வேலை. 30 மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர் சிங்க்கின் முன் நிற்கக்கூடாது.

இந்த ஆறு வாரத்துக்குள் அவர் செய்ய வேண்டியது: சின்னம்மை வந்ததுண்டா, தட்டம்மை ஊசி இரண்டு தவணை போட்டதா, ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சத்து அளவு 10-க்கு மேல் உள்ளதா என்று பார்ப்பது. சின்னம்மை ஊசிக்கு இரண்டு தவணைக்கு நடுவே நான்கு வாரம் இடைவெளி வேண்டும் என்பதால் இந்த வாரமே தொடங்கினால்தான் முடியும். பால் கொடுக்கும் தாய் இவற்றைப் போட்டுக்கொள்ளலாம். வார்டிலிருந்து வந்தால் வாசலிலேயே உடை தனி வாளிக்குள், குளித்த பிறகுதான் குழந்தை. டியூட்டியில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். பால் கொடுப்பதை அப்போதே சொன்னால், தொடர்வதா இடை நிறுத்துவதா என்று ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மைய டாக்டர் முடிவு சொல்வார். அது தெரியும்வரை ஃப்ரீசரில் இருப்பது கை கொடுக்கும்.

இன்னொன்று. பால் கொடுப்பதால் கர்ப்பம் தரிக்காது என்ற நம்பிக்கை, குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல், பகலில் நான்கு மணி நேரமும் இரவில் ஆறு மணி நேரமும் தாண்டாமல் கொடுக்கும்வரைதான் சரி. அவர் வேலைக்குச் சேரும் முன்பே குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டி இந்த நிபந்தனைகள் உடைந்துவிடும். கருத்தடைக்கான காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம், பால் கொடுப்பவருக்கும் ஏற்றவை. அந்த ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அவர் பேசாமல் இருப்பது. களைப்பாக இருக்கலாம், உங்கள் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சாக இருக்கலாம். ஆனால் குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இருப்பது, பிடித்த எதிலும் மனம் ஒட்டாதது, காரணமில்லாமல் அழுவது, ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டருக்குப் படித்தவருக்கு வராது என்பதில்லை, தன்னிடம் அதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு இன்னும் கடினம். ஸ்டான்லியின் மனநலப் பிரிவு தெரிந்த முகங்களால் தயக்கம் தந்தால் வேறு மருத்துவமனையில் காட்டலாம், 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த மணியே அழைத்துப் போங்கள். இப்படி ஏதும் இருந்தால் மேலே நான் சொன்னது எல்லாம் ரத்து. முதலில் சிகிச்சை, சேருவதைத் தள்ளிவைக்க டீனிடம் மருத்துவச் சான்றோடு மனு.

இதே மாதிரி எழுதும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் கர்ப்பமான மாணவிக்குப் பெரிய தடை வருகைப் பதிவுதான்: தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம். வார்டு போஸ்டிங் வாரங்களை ஈடுசெய்வதுதான் கடினம் என்பதால் பிரசவத்தைத் தியரி அதிகமுள்ள மாதங்களை ஒட்டி வைக்க முடிந்தால் நல்லது. நீண்ட இடைவெளி எடுத்தால் மீண்டும் சேர டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அனுமதியை டீன் வழியாக வாங்க வேண்டும். படிப்பு முழுவதையும் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. பி.ஜி. படிப்பவர்களுக்கு 2023 விதிகள் வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும், அரசு விதிப்படி பேறுகால விடுப்பும், முடிந்தவரை வாரம் ஒரு நாள் ஓய்வும் தருகின்றன. அனுமதித்த விடுப்பைத் தாண்டிய நாட்களுக்குப் படிப்பு நீளும். தீசிஸ் கெடு தானாக நீளாது, அதற்குத் தனியாக மனு போட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத நீட் பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) பற்றி. வீட்டில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்பது தெரிந்ததே. அதற்குப் பயிற்சி முடியும் கடைசித் தேதியை ஒவ்வொரு ஆண்டு அறிவிப்பிலும் சொல்வார்கள். 15 நாளுக்கு மேல் விடுப்பு போனால் அந்தத் தேதியைத் தவற விடும் ஆபத்து உண்டு, அதனால் கணக்கில் கவனம் வேண்டும். ஆனால் இந்த வருடம் தேர்வை எழுதித்தான் தீர வேண்டும் என்று அவரை நெருக்காதீர்கள். டியூட்டியும் கைக்குழந்தையும் போக ஒரு நாளில் மிஞ்சுவது ஒரு மணி நேரம், அதுவும் தூக்கத்திலிருந்து எடுத்தது. பயிற்சியை ஒழுங்காக முடித்து, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு வாங்கியபின், ஆறு மாதம் முழு நேரமாகப் படித்து எழுதினால் தேறுவதற்கு வாய்ப்பு அதிகம். அந்த ஆறு மாதத்துக்கும் ஆயாவின் சம்பளத்தை இப்போதே சேர்த்து எடுத்து வையுங்கள்.